சொன்னதைக் கேட்கிற கமரா

நெல்லியடியில் அருந்ததியைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். பிடித்தவர்கள் என்று தேடினால் பெட்டிக்குள் கிடப்பவர்களைத்தான் சொல்லலாம். அவர்களோடுதான் அவள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை.

வயது நாற்பத்தாறு. கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்ட ஒருத்தி அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையால் போவதையே விட்டுவிட்டாள். தொழில் செத்தவீட்டுப் படம் எடுப்பது. முதலில் சந்தையடி ஸ்டூடியோ ஒன்றில் வேலைக்கு நின்றாள். கலியாணவீட்டையும் பூப்படைந்த பிள்ளைகளின் சாமத்தியவீட்டையும் பெடியன்கள் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டார்கள். செத்தவீடு என்றால் மட்டும் "அருந்ததியக்கா போவா" என்று அவள் தலையில் கட்டினார்கள். போனாள். போகப் போக அந்தப் பெடியன்களைவிட நன்றாகவே எடுத்தாள். பிறகு முதலாளியோடு வாய்த்தர்க்கப்பட்டு வெளியே வந்து தனியாகத் தொடங்கினாள். இன்றைக்கு வடமராட்சியில் ஒரு வீட்டில் யாராவது கண்ணை மூடினால், ஐயருக்குச் சொல்லி, பறைக்குச் சொல்லி, அடுத்ததாக அவளுக்குச் சொல்லுவார்கள்.

அந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. பிரேதம் எடுப்பதற்கு முன்னம் மக்கள், மருமக்கள், சகோதரங்கள் என்று ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டியடியில் நிற்பாட்டி எடுக்கவேண்டும். தலைமாட்டில் யார் நிற்பது என்பதில் உயிரோடு இருப்பவர்களுக்குள் இன்னொரு செத்தவீடு விழப் பார்க்கும். அருந்ததி ஒரு பார்வை பார்த்தால் போதும், அவரவர் தங்கள் இடத்துக்குப் போய்விடுவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது முகப்படம். பெட்டிக்குள் கிடப்பவரின் முகத்தை மட்டும் எடுக்கிற படம் அது. கனடாவிலும் சுவிஸிலும் இருந்து வரமுடியாத பிள்ளைகளுக்குக் கடைசிமுகம் அதுதான். பிழைத்தால் திருப்பி எடுக்க ஆள் இருக்காது. அதனால் முகப்படத்தில் மட்டும் அவள் விளையாடுவதில்லை.

அவளிடம் ஒரு பெரிய கமரா இருந்தது. கரவெட்டியில் ஒரு செத்தவீட்டில் அதற்கும் முடிவு வந்தது. வெளிநாட்டுக்கு நேரலை விடுகிற பெடியன்கள் பந்தலுக்குள் லைட்டுகளும் வயர்களுமாக வந்து நின்று, ஒருவன் வயரை இழுத்த இழுவையில் அவளுடைய கால் தடுக்கி, கமரா சீமெந்து நிலத்தில் விழுந்து லென்ஸ் வேறு உடம்பு வேறாகிப் போனது. அதற்குப் பிறகு அவள் வாயில் வந்ததைக் கேட்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களே ஒப்பாரியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொரு கமரா வேண்டும். உடனே வேண்டும். அதற்கு அவளுக்கு ஒரு காரணம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. அவளுடைய தகப்பன் நமசிவாயம் நாலு வருடமாகப் படுக்கை. மந்திகை ஆஸ்பத்திரியில் டொக்டர், "இனி வீட்டிலை வைச்சுப் பாருங்கோ அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு என்ன கருத்து என்று அவளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரிலுள்ளவர்களின் முகத்தையெல்லாம் எடுத்தவள் அப்பாவின் முகத்தையும் எடுக்கத்தான் போகிறாள். எடுத்து ரொறன்ரோவில் இருக்கிற தம்பி கீர்த்திகனுக்கு அனுப்பத்தான் போகிறாள்.

அந்தத் தம்பியை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். போய்ப் பதினாறு வருடம். பாஸ்போர்ட் எடுத்து, வீடு வாங்கி, கியூபா, மெக்சிக்கோ என்று கடற்கரை கடற்கரையாய்ப் போய்ப் படம் போடுகிறான். ஊருக்கு வர மட்டும் லீவு கிடைப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னம் கோயில் திருவிழாவுக்கு வந்த ஆளிடம் ஒரு பெரிய போனைக் கொடுத்துவிட்டான். அப்பாவைப் பார்க்கவாம். ஞாயிற்றுக்கிழமை காலமையில் வீடியோவில் எடுப்பான். அருந்ததி போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தான் யன்னலுக்கு வெளியே முருங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தம்பியின் மூஞ்சையைப் பார்க்க அவளுக்கு மனமில்லை. அப்பா சிரிப்பார். தம்பி கதைப்பான். கடைசியில் அவள், "இந்த மனுசன் எலும்பாய்ப் போச்சு, ஒருக்கால் வந்திட்டுப் போ" என்பாள். அவனும் ஒரே பதிலைத்தான் சொல்லுவான்.

"அப்பா நல்லாத்தானே இருக்கிறார். நீ ஏனக்கா எப்ப பாத்தாலும் கத்துறாய்?"

நல்லாத்தானே இருக்கிறாராம்! பிடரியில் கைகொடுத்துத் தூக்கிக் கஞ்சி பருக்குகிறவளுக்குச் சொல்லுகிறான். அந்த ஒரு வசனத்துக்காகவே அவனை இந்தச் சென்மத்தில் மன்னிக்கிறதில்லை என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

கமரா உடைந்த கதையைச் சொன்னபோதும் அவன் பெரிய ஆள் மாதிரித்தான் கதைத்தான். "உந்தப் பழசைக் கட்டிக்கொண்டு ஏனக்கா அழுறாய்? நான் தந்த போனிலை எடு. உலகமே இப்ப போனிலைதான் எடுக்குது."

வேறு வழியில்லாமல் புத்தூரில் ஒரு செத்தவீட்டுக்கு அந்தப் போனைத்தான் கொண்டுபோனாள். செத்தவர் ஒரு புகையிலைத் தோட்டக்காரர். வெயிலில் கறுத்து, வாய்க்கால் விழுந்த முகம். மூக்கடியில் ஒரு பெரிய மச்சம். போன் என்ன செய்தது தெரியுமோ? சுருக்கத்தையெல்லாம் மெழுகி, நிறத்தை வெளிறப் பண்ணி, மச்சத்தையும் துடைத்துப்போட்டு, மனுசனை மாப்பிள்ளையாக்கிவிட்டது. அவசரத்தில் அவள் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அடுத்தநாள் சுவிஸிலிருந்து அவருடைய மகள் குணலட்சுமி எடுத்தாள்.

"ஆரின்ரை முகமக்கா இது? எங்கடை ஐயாவின்ரை மச்சம் எங்கை? சின்னனிலை அதைத் தொட்டுக்கொண்டுதான் நான் நித்திரை கொள்ளுறனான். என்ரை ஐயாவைக் கடைசியாய்ப் பாக்க விடாமல் செய்துபோட்டியளே. நல்லா இருப்பியளோ?"

அந்த அழைப்பு முடிந்ததும் அருந்ததி போனை எடுத்து, அழகாக்குகிற சங்கதி எல்லாவற்றையும் தேடித் தேடி நிற்பாட்டினாள். நிற்பாட்டியாச்சு என்று போனும் ஒத்துக்கொண்டது. பிறகு அப்பாவின் வயர்க்கட்டிலடியில் கிடந்த தேங்காய் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். தேங்காய் தேங்காயாகவே வந்தது. முற்றத்தில் நின்ற பக்கத்துவீட்டுக் கிழவரை எடுத்தாள். அவருக்கு இருபது வயது குறைந்துபோனது.

"சீ, நாசமாப் போன சாமான்" என்று திட்டிவிட்டு, அடுத்தநாள் காலமை அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துவீட்டுக் கஜானியை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினாள்.

பெரியகடைப் பக்கம் கமரா விற்கிற கடை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கடைக்காரன் பிரகாஸ், குருநகர்ப் பெடியன், முப்பது வயதிருக்கும். அவளைக் கண்டதும் போனுக்கு உறை வாங்க வந்தவள் என்று நினைத்து ஒரு தட்டை இழுத்தான்.

"உறை வேண்டாம் தம்பி. கமரா காட்டும்."

"கமராவோ? உதெல்லாம் இப்ப ஆரக்கா வாங்கினம்?"

"நான் வாங்குறன். நான் ஆள் இல்லையோ?"

பிரகாஸ் தட்டைத் திரும்பத் தள்ளிவிட்டு, என்ன மாதிரிக் கமரா என்று கேட்டான்.

"சின்னன். இந்தக் கைப்பைக்குள்ளை போகவேணும். உந்த நேரலைக்காரர் செய்த அரியண்டத்திலை இப்ப பெரிய கமராவோடை பந்தலுக்குள்ளை போனாலே சனம் அடிக்க வருது. வெளிச்சம், வேகம், ஃபோகஸ், நிறம் எல்லாம் என்ரை கையாலை வைக்கிறதாய் இருக்கவேணும். சத்தம் போடக்கூடாது. நான் கேக்காமல் ஃபிளாஷ் அடிக்கக்கூடாது. நான் சொன்னதை அது கேக்கவேணும். தன்ரை மூளையைப் பாவிக்கிற சாமான் எனக்கு வேண்டாம்."

முதலில் ஒரு ரோஸ் நிறக் கமராவைக் காட்டினான். கடற்கரைக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று, நாய்க்குட்டிக்கு ஒன்று என்று அதற்குள் தானாக எடுக்கிற முறைகளுக்குப் படங்கள் கீறியிருந்தன. "செத்தவீட்டுக்கு ஒண்டு இல்லையோ?" என்று கேட்டுத் தள்ளிவைத்தாள். இரண்டாவதில் எல்லாவற்றையும் கையால் வைக்கிற மனுவல் இருக்கிறது என்று, மேலே இருந்த எம் எழுத்தைத் தொட்டுக் காட்டினான். அவள் திருப்பிப் பார்த்தாள். லென்ஸின் துவாரத்துக்கு இரண்டே இரண்டு நிலை. ஃபோகஸ் தானாக ஓடி, கடைக்குப் பின்னால் தொங்கிய கலண்டரில் போய் நின்றது.

"எழுத்து இருந்தாப் போதுமோ தம்பி? பேய்க்காட்டாதையும்."

மூன்றாவது எல்லாம் செய்தது. ஆனால் கைப்பைக்குள் போகவில்லை. "இதைக் காவ இன்னொரு ஆள் பிடிக்கவேணும்" என்று அதையும் திருப்பிக் கொடுத்தாள். பிரகாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. விடியவே வந்த முதல் வியாபாரம், கைநிறையக் குற்றம். கடைசியாக, கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கறுத்தச் சின்னக் கமராவை எடுத்து மேசையில் பட்டென்று வைத்தான். சுவிஸிலிருந்து வந்த ஒருவர் விட்டுவிட்டுப் போனது. ஓரமெல்லாம் கீறல். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம்.

வளையத்தைத் திருப்பினாள். ஃபோகஸ் அவள் விரலோடு வந்தது. விரலை எடுத்தாள். விட்ட இடத்தில் நின்றது. துவாரத்தைச் சுருக்கினாள், வேகத்தைக் குறைத்தாள். ஒவ்வொன்றுக்கும் பணிந்தது. ஃபிளாஷைக் கையால் கிளப்பினால்தான் எழும்பும். சத்தத்தை நிறுத்தினால் ஒரு சின்ன மூச்சுக்கூட இல்லை. அருந்ததிக்கு உள்ளுக்குள் சந்தோசம் பொங்கியது. ஆனால் அதைக் கடைக்காரனுக்குக் காட்டுகிற அளவுக்கு அவள் விசரி இல்லை.

"தம்பி, அந்தக் கதிரையிலை சாய்ஞ்சு, கண்ணை மூடிக்கொண்டு இரும்."

"ஏன்?"

"முகப்படம் எடுத்துப் பாக்கவேணும்."

பிரகாஸ் அவளை உற்றுப் பார்த்தான். "நீங்கள்... நெல்லியடிச் செத்தவீட்டுப் படக்கார அக்காவெல்லோ!" என்று கத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். "என்ரை கடைக்குள்ளை வந்து என்னையே பிரேதமாக்கப் பாக்கிறியளோ? எழும்பிப் போங்கோ!"

"போறன், போறன். கத்தாதையும்."

போகவில்லை. சுவரில் பிரகாஸ் வைத்திருந்த அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றாள். சுரூபத்தைச் சுற்றி நீலமும் சிவப்புமாகப் பல்புகள் மின்னின. பெட்டியடியில் கட்டுகிற லைட்டுகளும் இதே கூத்துத்தான். அவள் வெளிச்சத்தை வைத்து, நிறத்தைத் திருத்தி, மூச்சைப் பிடித்து எடுத்தாள். அந்தோனியாரின் இடது கன்னத்தில் பெயின்ற் உரிந்த இடம் உரிந்தபடியே வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எங்கடை அந்தோனியாரையும் விடமாட்டியளோ?" என்று பிரகாஸ் அழாக்குறையாகக் கேட்டான்.

"இதுதான் எனக்கு வேணும். இந்தப் போனை எடுத்துக்கொண்டு இதைத் தாரும்."

தம்பி அனுப்பிய போனை மேசையில் வைத்தாள். பிரகாஸ் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இந்த மனுசி போனால் போதும் என்று நினைத்தானோ என்னவோ, கமராவைத் துடைத்துக் கொடுத்துவிட்டான்.

பட்டன் போன் ஒன்றுக்கு மாறிய அவளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீர்த்திகன் எடுத்தான். அவன் போட்ட சத்தம் கஜானி வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"நான் தந்த போனை வித்துப்போட்டியோ? உனக்கென்ன விசரோ? நான் இனி அப்பாவை என்னெண்டு பாக்கிறது?"

"பிளேன் ஏறி வந்து பார்."

"சரி, அந்தக் கமராவிலை ஒரு படமெண்டாலும் எடுத்து அனுப்பு."

"உனக்குப் படம் அனுப்பவோ நான் இஞ்சை அவரின்ரை பீயும் மூத்திரமும் அள்ளுறன்? பாக்க வேணுமெண்டா வா."

அதற்குப் பிறகும் இரண்டுமுறை கேட்டான். கடைசித்தரம் கெஞ்சினான் என்றே சொல்லவேண்டும். கமரா கைப்பைக்குள் கிடந்தது. அவள் அனுப்பவில்லை. அவள் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அனுப்பப் போவது ஒரேயொரு படம். பூசாத, மெழுகாத முகம். நாலு வருடத்தையும் அந்த ஒரு முகத்தில் அவன் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கிறார் என்று சொல்லட்டும் பார்ப்போம்.

மாசி மாதத்தில் ஒரு காலமை, தேத்தண்ணி கொண்டுபோனபோது அப்பா போயிருந்தார்.

பத்து மணிக்குள் பெட்டி வந்துவிட்டது. கொள்ளி வைக்கச் சித்தப்பாவின் மகனைப் பிடித்தாயிற்று. அருந்ததி அழவில்லை. அழுவதற்கு முன்னம் வாசலில் லைட்டுகளோடு நாலு பெடியன்கள் வந்து நின்றார்கள். கரவெட்டியில் அவளுடைய கமராவை உடைத்த அதே கூட்டம்.

"கனடா அண்ணை ஓடர் தந்தவர் அக்கா. நேரலை."

"படலைக்கு வெளியிலை நிண்டு காகத்துக்கு நேரலை விடுங்கோ. ஒரு வயர் உள்ளை வந்துதோ, கத்தியாலை அறுப்பன்!"

அவர்கள் அவளைத் தெரிந்தவர்கள். போய்விட்டார்கள். தலைமாட்டில் எரிந்த கலர் பல்புகளை நிற்பாட்டினாள். கிழக்கு யன்னலைத் திறந்தாள். அழுதுகொண்டிருந்தவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கமராவை எடுத்தாள்.

வெளிச்சம் ஒரு பக்கத்தால் விழுந்தது. ஃபோகஸை அப்பாவின் கண்ணிமையில் கொண்டுவந்து நிறுத்தினாள். இப்போது எல்லாம் அவள் கையில். ஒரு திருகல் திருகினால் முகம் வெளுத்துக் குழியெல்லாம் மறையும். மற்றப் பக்கம் திருகினால் குழி இன்னும் ஆழமாகி, பார்க்கிறவன் பயந்துபோவான். அவளுக்குத் தம்பியைப் பயப்படுத்தத்தான் விருப்பம். விரல் அந்தப் பக்கம் போகவும் செய்தது. பிறகு, இது அப்பாவின் முகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உள்ளதை உள்ளபடி வைத்து எடுத்தாள். ஒட்டிப்போன கன்னம், துருத்திய எலும்பு, வாயோரத்து வெடிப்பு. எல்லாம் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

கஜானி அந்தப் படத்தைக் கமராவிலிருந்து தன்னுடைய போனுக்கு எடுத்துக் கீர்த்திகனுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. வீடியோ. கஜானி போனை நீட்டினாள். அருந்ததி வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். இந்தச் சண்டைக்காகத்தான் அவள் இவ்வளவு நாளும் காத்திருந்தாள்.

"அக்கா... இது அப்பாவோ?"

"வேற ஆர்? வடிவாய்ப் பார்."

"சத்தியமாய்ச் சொல்லு. நீ காட்டேக்கை அப்பா இப்பிடி இல்லையே. கன்னம் நிரம்பி, நல்ல நிறமாய், வடிவாய் எல்லோ இருந்தவர். ரெண்டு வருசமாய் நான் பாத்த முகம் இது இல்லையக்கா."

இந்த நேரத்திலும் பொய் சொல்லுகிறான் என்று அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வாயைத் திறந்தாள். அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த சின்னப் பெட்டியைக் கண்டாள். அதற்குள் ஒருத்தி நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. நெற்றியில் ஒரு கோடு இல்லை. நித்திரை கொண்டு எழும்பிக் குளித்துவிட்டு வந்த குமர்ப்பிள்ளையின் முகம். அருந்ததி வாயை மூடினாள். திரைக்குள் நின்றவளும் வாயை மூடினாள். கஜானியின் போனும் மெழுகத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கு ஞாயிறு அப்பாவுக்கு நேரே போனைப் பிடித்தது அவள்தான். ஒருநாளாவது அந்தத் திரையை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தம்பியின் மூஞ்சையைப் பார்க்கப் பிடிக்காமல் முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புத்தூராரின் மச்சத்தைத் துடைத்த அதே போன்தான் இரண்டு வருடமாக அப்பாவையும் துடைத்துத் துடைத்து ரொறன்ரோவுக்கு அனுப்பியிருக்கிறது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதக்கா," என்றான் கீர்த்திகன். "நீ கத்தேக்கை, இவ எப்பவும் இப்பிடித்தான் எண்டு விட்டிட்டன். பிறகு ஒரு படம் அனுப்பு, ஒரு படம் அனுப்பு எண்டு கேட்டனான். அதையெண்டாலும் அனுப்பியிருக்கலாமே!"

அனுப்பியிருக்கலாம். கமரா கைப்பைக்குள்தான் இருந்தது. அந்தச் சொல் நெஞ்சில் இறங்கி நின்றது. ஆனாலும் நாலு வருடம் நாலு வருடம்தானே. அவளால் அதை அப்படியே விழுங்க முடியவில்லை.

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பியோ?"

அவன் கண்ணைத் தாழ்த்தினான்.

"கேக்கிறன், சொல்லன்ரா. தெரிஞ்சிருந்தா வந்திருப்பியோ?"

அவன் முகத்தைக் கையால் மூடினான். கையை எடுத்தபோது அதே முகம், கன்னமெல்லாம் மழமழவென்று, ஒரு கவலையும் இல்லாத மாதிரி. அருந்ததி போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். பதினாறு வருடத்தில் முதல்தரம் தம்பியின் முகத்தை அவ்வளவு கிட்டப் பார்த்தாள். அவன் அழுகிறானா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்பாவை ஒருக்கால் காட்டன் அக்கா."

"உதிலை வேண்டாம். நான் எடுத்து அனுப்புறன்."

வெளியே பறை தொடங்கிவிட்டது. நேரமாகுது என்று சித்தப்பா கூப்பிட்டார். அவள் போனை வைக்கப் போனவள், வைக்காமல் நின்றாள்.

"நீயும் உன்ரை முகத்தை ஒரு நல்ல கமராவாலை எடுத்து எனக்கு அனுப்பு. நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு உதிலை தெரியேல்லை."

போனைக் கஜானியிடம் கொடுத்துவிட்டுக் கமராவோடு வெளியே வந்தாள். பெட்டியைத் தூக்கினார்கள். ஆம்பிளையள் சுடலைக்குப் போனார்கள். பொம்பிளையள் படலையடியில் நின்றுவிட்டார்கள். அவளும் அங்கேயே நின்று, தூரத்தில் போகிற பெட்டியை ஒரு படம் எடுத்தாள். எடுத்ததைச் சரியோ என்று பார்க்க அவளுக்குக் கண் தெரியவில்லை.